புகார் சொல்வது கம்பைலரா, லிங்கரா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை வேளைகளில் சி, சி++ நிரல் மொழிகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, அந்தப் பக்கம் பாகூர் வரையிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுக்குப் போய் நிரல் எழுதும்போது எங்காவது சிக்கிக்கொண்டால், கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவர்கள் வழக்கம். அப்படி வரும் படங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் தெளிவாகத் தெரியும்: "கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்". நிரலின் துண்டுகளை இணைக்கும் எல்டி என்னும் லிங்கர் தன் வேலையை முடிக்காமல் திரும்பிவிட்டது என்பதைத் தவிர இதில் வேறு தகவல் கிடையாது. ஏன் முடிக்கவில்லை என்பது அதற்கு மேலுள்ள வரிகளில் இருக்கும். அந்த வரிகளோ படத்தில் வந்திருக்காது. "தம்பி, கடைசி வரிய விட்டுடு, முதல் வரிலேருந்து எடுத்து அனுப்பு" என்பதே ஏறக்குறைய என் நிரந்தரப் பதிலாகிவிட்டது.

ஆயினும் அந்த வரியை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லாவிட்டாலும், புகார் செய்வது யார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிழையைத் திருத்த உட்காருவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஒரு பொத்தானை அழுத்தி நிரலை ஓட்டிப் பழகியவர்களுக்கு, அந்த ஒரே அழுத்தலில் நான்கு வேலைகள் வரிசையாக நடப்பது தெரிவதில்லை. ப்ரீபிராசஸர், 'இன்க்ளூட்' என்று எழுதிய இடங்களில் அந்தந்த ஹெடர் கோப்பின் வரிகளை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறது. கம்பைலர் அந்த நீண்ட கோப்பைப் படித்து அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது. அசெம்பிளர் அதை இயந்திர மொழியிலான ஆப்ஜெக்ட் கோப்பாக்குகிறது. இறுதியில் லிங்கர், ஆப்ஜெக்ட் கோப்புகளையும், ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்புகளான லைப்ரரிகளையும் இணைத்து ஓடக்கூடிய ஒரு கோப்பை உருவாக்குகிறது. கம்பைலர் ஒரு சமயத்தில் ஒரு மூலக் கோப்பை மட்டுமே பார்க்கும். பக்கத்துக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. லிங்கர் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும்; ஆனால் அதற்குச் சி மொழி தெரியாது, பெயர்களும் அவை இருக்கும் முகவரிகளும்தான் தெரியும். கம்பைலரின் புகாரில் கோப்பின் பெயரும், வரி எண்ணும், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பதும் இருக்கும். லிங்கரின் புகாரிலோ, டெம்ப் அடைவில் 'சிசி' என்று தொடங்கும் ஏதோ ஒரு புரியாத பெயருடைய ஆப்ஜெக்ட் கோப்பும், '.டெக்ஸ்ட்' என்பதோடு கூட்டிய ஓர் எண்ணும் இருக்கும். கம்பைல் செய்யும்போது '-ஜி' என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் அந்த எண்ணுக்குப் பதிலாக மூலக் கோப்பின் வரி எண்ணையே லிங்கர் காட்டும். இந்தச் சிறு வசதியைப் பாடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

கம்பைலர் பிழைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அவை இருக்கும் இடத்தை அவையே சொல்லிவிடுகின்றன. திரையில் நாற்பது பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையால் தடுமாறிய கம்பைலர் உளறுபவையே. அரைப்புள்ளியை விட்டுவிட்டால், பழைய கம்பைலர்கள் அடுத்த வரியைத்தான் சுட்டும், ஏனெனில் அடுத்த சொல்லைப் படிக்கும்போதுதான் முந்தைய கூற்று முடியவில்லை என்பது அவற்றுக்கே தெரியவருகிறது. ஆகையால், சுட்டப்பட்ட வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பார்க்க வேண்டும். மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்ட பிழை இதைவிடத் தந்திரமானது. ஜிசிசி கம்பைலர், சி மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷனை எழுத அனுமதிக்கும் தனி வசதி ஒன்றை வைத்திருக்கிறது. அதனால், நடுவில் ஒரு ஃபங்ஷனை மூடாமல் விட்டாலும், அடுத்தடுத்த ஃபங்ஷன்களையெல்லாம் அதற்குள் இருப்பவை என்று எடுத்துக்கொண்டு போய், கோப்பின் கடைசி வரியில் நின்று "எக்ஸ்பெக்டட் டிக்ளரேஷன் ஆர் ஸ்டேட்மென்ட் அட் எண்ட் ஆஃப் இன்புட்" என்று சொல்லும். கடைசி வரியில் குற்றம் எதுவும் இருக்காது. அதே கோப்பை சி++ கம்பைலரிடம் கொடுத்தால், அடுத்த ஃபங்ஷன் தொடங்கும் இடத்திலேயே, இங்கே ஃபங்ஷன் எழுதக் கூடாது என்று நிறுத்திவிடும். அடைப்புக்குறி எங்கே தொலைந்தது என்று தெரியாதபோது, கோப்பை ஒரு முறை ஜிசிசியின் சி++ கம்பைலரான 'ஜி++' கொண்டு கம்பைல் செய்து பார்க்கச் சொல்வேன்; திருத்துவதற்காக அல்ல, இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக.

இன்னொன்று, ஆசிரியர் கொடுத்த பிடிஎஃப்பிலிருந்தோ வேர்டு கோப்பிலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டும்போது வருவது: "ஸ்ட்ரே \342 இன் புரோகிராம்". அதைத் தொடர்ந்து \200, \234 என்றும் வரும். இந்த மூன்றும் சேர்ந்தால், வேர்டு தானாகவே வளைத்துப் போடும் தொடக்க மேற்கோள்குறி. கடைசி எண் \235 ஆக இருந்தால் அது முடிவு மேற்கோள்குறி. \302, \240 என்று வந்தால், கண்ணுக்குச் சாதாரண இடைவெளிபோலத் தெரிந்தாலும் அது இணையப் பக்கங்களில் பயன்படும் பிரியா இடைவெளி. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குறியை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி அடித்தால் போதும். நிரலை நகலெடுக்காமல் கையால் தட்டச்சு செய்து பழகுவதே மேல் என்பேன், பிள்ளைகள் கேட்பதில்லை.

இனி லிங்கருக்கு வருவோம். மாணவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் ஒரு தவறான எண்ணம், ஹெடர் கோப்பும் லைப்ரரியும் ஒன்று என்பது. "மேத் டாட் எச் போட்டுட்டேன் சார், அப்புறம் ஏன் ஸ்கொயர் ரூட்டைத் தெரியாதுங்குது?" என்று ஒரு மாணவன் கேட்டான். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களை வாங்கிக்கொண்டு கர்ணத்தைக் கணக்கிடும் எளிய நிரல் அது. கல்லூரி ஆய்வகத்தில் ஓடியது, வீட்டில் லினக்ஸ் வகையான உபுண்டுவில் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி" என்று நின்றுவிட்டது. அதைவிட வியப்பானது, அவன் சோதனைக்காக உள்ளீட்டை நீக்கிவிட்டு, வர்க்கமூலம் காண வேண்டிய இடத்தில் 25.0 என்று நேரடியாக எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, அதே உபுண்டுவில், அதே கட்டளையில், பிழையே இல்லாமல் ஓடிவிட்டது.

ஹெடர் கோப்பில் இருப்பது அறிவிப்பு மட்டுமே. இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, இது இத்தகைய மதிப்பை வாங்கிக்கொண்டு இத்தகைய மதிப்பைத் தரும் என்று அது கம்பைலருக்குச் சொல்கிறது. கம்பைலரும் அதை நம்பி, அழைக்கும் குறிப்பை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. உண்மையான ஃபங்ஷன் லினக்ஸில் 'லிப்எம்' என்ற தனி லைப்ரரியில் இருக்கிறது. அதைச் சேர்க்கும்படி கட்டளையில் '-எல்எம்' என்று எழுதினால்தான் லிங்கர் அங்கே போய்த் தேடும். விண்டோஸ் ஆய்வகக் கணினியில் கோட்பிளாக்ஸ் என்னும் நிரலெழுதும் மென்பொருளுடன் வரும் மிங்ஜிடபிள்யூ கம்பைலருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அங்கே கணித ஃபங்ஷன்கள் வழக்கமாக இணைக்கப்படும் சி ரன்டைம் லைப்ரரியிலேயே இருக்கின்றன. 25.0 என்று போட்டபோது உபுண்டுவிலும் ஓடியதற்குக் காரணம் வேறு. விடை 5 என்பதைக் கம்பைலர் தானே கணக்கிட்டு எழுதிவிடுவதால் ஃபங்ஷனை அழைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அழைக்காத ஒன்றை லிங்கர் தேடுவதும் இல்லை.

'-எல்எம்' என்பதை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். லிங்கர் கட்டளையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஒரு லைப்ரரியை எட்டும்போது, அதுவரை தேவைப்பட்டு இன்னும் கிடைக்காதவற்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கோப்பின் பெயருக்கு முன்பே '-எல்எம்' இருந்தால், அந்த நேரத்தில் எதுவும் தேவைப்பட்டிருக்காது; லிங்கர் அதைக் கடந்து போய்விடும். நிரல் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும், நாமே கட்டும் ஸ்டாடிக் லைப்ரரிகளில் இது எல்லா லினக்ஸிலும் நடக்கும்; உபுண்டுவின் இயல்பான அமைப்பில், நிரல் தொடங்கும்போது தனியே ஏற்றப்படும் ஷேர்டு லைப்ரரிகளுக்கும் நடக்கிறது. லைப்ரரி இருக்கிறது, பெயரும் சரி, ஆயினும் பிழை வருகிறது என்றால் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதே எண்ணத்தின் மறுபக்கம்தான் 'கிளியர்ஸ்கிரீன்' கதை. போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ சி 1987இல் வெளிவந்தது. அதன் வழியில் வந்த நீலத் திரை டர்போ சி++ நம் பக்கத்துப் பாடக் குறிப்புகளில் வெகுகாலம் குடியிருந்துவிட்டது. அந்தக் குறிப்புகளில் எல்லா நிரலும் 'கோனியோ டாட் எச்' என்ற ஹெடருடனும் திரையைத் துடைக்கும் 'சிஎல்ஆர்எஸ்சிஆர்' அழைப்புடனும் தொடங்கும். அதே நிரலை உபுண்டுவில் கொடுத்தால் ப்ரீபிராசஸர் நிலையிலேயே, அப்படியொரு கோப்பு இல்லை என்று முடிந்துவிடும். மிங்ஜிடபிள்யூவில் அந்த ஹெடர் இருக்கிறது, ஒரு விசை அழுத்தலை வாங்கும் 'கெட்ச்' கூட இருக்கிறது, திரையைத் துடைக்கும் ஃபங்ஷன் மட்டும் இல்லை. எனவே பழைய பதிப்புகளில் கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட, லிங்கர்தான் பிடித்துக்கொள்ளும். டர்போவிலும் ஒரு பொறி உண்டு: 'கிராஃபிக்ஸ் டாட் எச்' சேர்த்து வட்டம் வரையும் நிரல் எழுதினால், "அன்டிஃபைன்ட் சிம்பல் _இனிட்கிராஃப்" என்று லிங்கர் சொல்லும். ஆப்ஷன்ஸ் பட்டியலில் லிங்கர், அதில் லைப்ரரீஸ் என்று போய் கிராஃபிக்ஸ் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பலர் இதைச் சடங்குபோலச் செய்கிறார்கள். '-எல்எம்' எழுதுவதும் இதுவும் ஒரே வேலைதான் என்பதை அறிவதில்லை.

திரையில் அச்சிடும் 'பிரின்ட்எஃப்' என்பதில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்ட பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைத்தால், அது முழு எண்ணைத் திருப்பித் தருவது என்று கம்பைலர் தானே அனுமானித்துக்கொள்ளும் பழைய வழக்கம் சி மொழியில் இருந்தது. 1999ஆம் ஆண்டின் தரநிலை அதை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி வெகுகாலம் எச்சரிக்கை மட்டுமே கொடுத்துவந்தது. அதனால் எழுத்துப்பிழை கம்பைலரைத் தாண்டி லிங்கர் வரை போய் அங்கே வெடிக்கும். 2024இல் வந்த ஜிசிசி 14 முதல் இது கம்பைலரிலேயே பிழை. கணினியில் இருப்பது பழைய பதிப்பானால், '-வால்' விருப்பத்தைச் சேர்த்து எச்சரிக்கைகளைப் படிப்பது லிங்கரோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது.

தேடிய பெயர் கிடைக்காதது ஒரு வகை என்றால், இரண்டு இடத்தில் கிடைப்பது இன்னொரு வகை: "மல்டிபிள் டெஃபினிஷன்". கடலூரில் ஆட்டோவில் ஏறி "ஸ்டேஷனுக்குப் போங்கண்ணே" என்றால், "திருப்பாதிரிப்புலியூரா, ஓ.டி.யா?" என்று, ஊரின் இரண்டு ரயில் நிலையங்களில் எது என அவர் கேட்பார் (ஓ.டி. என்பது ஓல்டு டவுன்); லிங்கர் அப்படித் திருப்பிக் கேட்காது, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் வண்டியையே எடுக்காது. இந்தப் பிழைக்குப் பெரும்பாலும் காரணம், ஃபங்ஷனின் உடலையோ, எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொதுவான ஒரு குளோபல் மாறியையோ ஹெடர் கோப்பிலேயே எழுதிவிடுவது. அந்த ஹெடரை இரண்டு சி கோப்புகள் சேர்த்துக்கொண்டால், இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளிலும் அதே பெயர் ஒவ்வொன்று உருவாகும். "ஹெடர் கார்டு போட்டிருக்கேனே சார்" என்பார்கள். ஹெடர் கார்டு என்பது ஒரே கோப்புக்குள் அந்த ஹெடர் இருமுறை ஒட்டப்படாமல் தடுப்பதற்கு மட்டுமே. இரண்டு சி கோப்புகள் தனித்தனியாகக் கம்பைல் ஆகும்போது, முதல் கோப்பில் நடந்தது இரண்டாவதற்குத் தெரியாது. கார்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' சேர்த்து அறிவிப்பை மட்டும் வைத்து, மாறியின் வரையறையை ஏதேனும் ஒரு சி கோப்பில் மட்டும் எழுதுவதே சரியான முறை. சிறிய ஃபங்ஷன் ஹெடரில்தான் இருக்க வேண்டும் என்றால், சி++இல் 'இன்லைன்' என்றும் சி மொழியில் 'ஸ்டாடிக் இன்லைன்' என்றும் எழுதலாம்.

சீனியர் மாணவர்கள் விட்டுச்சென்ற புராஜெக்ட் ஒன்று, அவர்கள் காலத்தில் ஓடியது இப்போது மட்டும் ஏன் இப்படிப் புகார் செய்கிறது என்று சிலர் குழம்புவதுண்டு. தொடக்க மதிப்பு கொடுக்காத குளோபல் மாறிகள் பல கோப்புகளில் ஒரே பெயரில் இருந்தால், ஜிசிசி முன்பு அவற்றைச் சத்தமின்றி ஒன்றாக்கிவிடும். 2020இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்த இயல்பு மாற்றப்பட்டது. '-எஃப்காமன்' என்று எழுதினால் பழைய நடத்தை திரும்பும். ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, 'எக்ஸ்டர்ன்' எழுதித் திருத்துவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

சி++இல் லிங்கர் செய்தியைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். கிடைக்காத பெயர் வெறும் 'ஆட்' என்றிருந்தால் அது சி மொழியின் பெயர். 'ஆட்(இன்ட், இன்ட்)' என்று அடைப்புக்குறியோடு வந்தால் அது சி++ பெயர். ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை அனுமதிப்பதால், சி++ கம்பைலர் அளவுருக்களின் வகையையும் பெயரோடு சேர்த்து, '_இசட்3ஆட்ஐஐ' என்பதுபோல ஒரு பெயராக்கி ஆப்ஜெக்ட் கோப்பில் எழுதுகிறது. சி மொழியில் கம்பைல் செய்த கோப்பில் அந்தப் பெயர் வெறும் 'ஆட்' என்றுதான் இருக்கும், இரண்டும் பொருந்துவதில்லை. ஹெடரில் 'எக்ஸ்டர்ன் "சி"' என்று அறிவித்தால் சி++ கம்பைலரும் வெறும் பெயரையே தேடும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் வகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்: அறிவிப்பில் 'இன்ட்', வரையறையில் 'லாங்' என்று எழுதியிருந்தால் கம்பைலருக்கு அவை இரண்டு வேறு ஃபங்ஷன்கள். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு விடேபிள்" என்று வந்தால் (விடேபிள் என்பது ஒரு கிளாஸின் விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்), அந்த கிளாஸில் அறிவித்த விர்ச்சுவல் ஃபங்ஷன் ஒன்றுக்கு உடல் எழுதப்படவில்லை, அல்லது அது எழுதப்பட்ட கோப்பு கட்டளையில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். பல வகைகளுக்கும் பொதுவாக எழுதும் டெம்ப்ளேட்டின் உடலைத் தனிக் கோப்பில் வைத்தாலும் இத்தகைய புகார் வரும். அதை ஹெடரிலேயே வைத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் ஊகத்தால் செய்ய வேண்டியதில்லை. கோப்பை '-சி' என்ற விருப்பத்தோடு கம்பைல் செய்தால் லிங்கரிடம் போகாமல் ஆப்ஜெக்ட் கோப்போடு நின்றுவிடும். இந்த நிலையில் பிழை இல்லையென்றால் சிக்கல் லிங்கரில்தான். பிறகு 'என்எம்' என்ற கட்டளையை அந்த ஆப்ஜெக்ட் கோப்பின் மீது ஓட்ட வேண்டும். கர்ணம் நிரலில், நிரல் தொடங்கும் ஃபங்ஷனான 'மெயின்' என்பதற்கு எதிரே 'டி' என்ற எழுத்தும், 'எஸ்கியூஆர்டி' என்பதற்கு எதிரே 'யு' என்ற எழுத்தும் தெரியும். டி என்றால் அந்த ஃபங்ஷன் இந்தக் கோப்பிலேயே இருக்கிறது. யு என்றால் இங்கே தேவைப்படுகிறது, ஆனால் இங்கே இல்லை. ஒரு கோப்பில் யு ஆக இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்கும் வேறெங்காவது ஒரு டி இருந்தாக வேண்டும். இரண்டு டி இருக்கக் கூடாது. 25.0 என்று போட்ட நிரலில் 'என்எம்' ஓட்டிக் காட்டியபோது, அந்த மாணவனுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. யு வரிசையில் அந்தப் பெயரே இல்லை.

மற்றவை சில்லறை விவகாரங்கள். "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு மெயின்" என்றால் மெயினைத் தவறாக எழுதியிருக்கலாம், அல்லது கோப்பைச் சேமிக்காமலேயே கம்பைல் செய்திருக்கலாம். விண்டோஸில் "பெர்மிஷன் டினைட்" என்று லிங்கர் சொன்னால், முன்பு ஓட்டிய நிரல் ஒரு கறுப்புச் சன்னலில் உள்ளீட்டுக்காக இன்னும் காத்திருக்கிறது என்பதுதான் வழக்கமான காரணம். அதை மூடிவிட்டால் போதும். உபுண்டுவில் "கேனாட் ஃபைண்ட் -எல்என்கர்சஸ்" என்றோ அந்த என்கர்சஸ் லைப்ரரியின் ஹெடர் கிடைக்கவில்லை என்றோ வந்தால், லைப்ரரியில் நிரல்களை ஓட்டுவதற்கான பகுதி நிறுவப்பட்டிருந்தும், எழுதுபவர்களுக்கான பகுதி நிறுவப்படவில்லை என்று அறியலாம். 'லிப்என்கர்சஸ்-டெவ்' என்ற 'டெவ்' பொதியை நிறுவ வேண்டும்.

கட்டும்போது பிழையே இல்லாமல், ஓட்டும்போது "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று வருவது மட்டும் கம்பைலர், லிங்கர் ஆகிய இரண்டு பேரின் புகாரும் அல்ல. அதைச் சொல்வது, நிரல் தொடங்கும் நேரத்தில் ஷேர்டு லைப்ரரிகளைத் தேடிக் கொண்டுவரும் லோடர். அதற்காக நிரலை எத்தனை முறை மறுபடி கம்பைல் செய்தாலும் பயனில்லை. ஓடக்கூடிய கோப்பின் மீது 'எல்டிடி' கட்டளையைக் கொடுத்தால் எந்த லைப்ரரிக்கு எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கிறதோ அதுதான் காணாமல் போனது. அது கணினியில் இல்லாவிட்டால் நிறுவ வேண்டும், இருந்தால் அது இருக்கும் அடைவை லோடரின் அமைப்புக் கோப்பில் சேர்த்து 'எல்டிகான்ஃபிக்' ஓட்ட வேண்டும்.